வெடித்த துடுப்பும் தைக்க வந்த மாப்பிள்ளையும்

போன கிழமை நம்மோடு படித்த ஒருத்தி தொலைபேசியில் கூப்பிட்டு, என் சின்னம்மா முதலையை அடித்தது மெய்தானா என்று கேட்டாள். இத்தனை வருஷமாகியும் கரையில் அந்தக் கதை சாகவில்லை. பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்ல முதலையும் வளர்ந்துகொண்டே போகிறதாம். ஆகவே என் வயதுக்காரர்களே, முழங்கால் வலியையும் சீனி வருத்தத்தையும் கொஞ்ச நேரம் ஒரு பக்கம் வைத்துவிட்டு இதைக் கேளுங்கள். அது முதலை இல்லை. ஆனால் அந்த அடியில் துடுப்பு வெடித்தது மெய். அதைத் தைக்க ஒருவர் வந்ததும் மெய். அந்த வருஷம் நான் தின்ற எருமைத் தயிரை அதற்குப் பிறகு எந்த வருஷத்திலும் தின்னவில்லை என்பதும் மெய்.

எங்கள் வளவின் பின்பக்கம் வாவி. பள்ளிக்கூடப் புத்தகத்தில்தான் அது வாவி, நமக்கெல்லாம் ஆறு. மழை முடிந்து தண்ணீர் மண்நிறமாக, பூவரச மரத்தின் வேர்வரைக்கும் ஏறி நிற்கும். வளவில் இரண்டு வீடுகள். ஒன்று அம்மாவுடையது, நாங்கள் இருந்தது. மற்றது சின்னம்மாவுக்கென்று கட்டத் தொடங்கிக் கூரை மட்டும் போட்டு, பூசாத சுவரோடு நின்றது. நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீடு பெண்பிள்ளைக்கு, மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வரவேண்டும். அப்பாவும் அப்படித்தான் வாகரையிலிருந்து வந்தார். வந்த புதிதில் அவரைக் கூரையில் ஏற்றித் தென்னோலைக் கிடுகு கட்ட விட்டுக் கீழே நின்று பார்த்தார்களாம். அதை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

அம்மாவின் தாய் தகப்பன் அப்போது இல்லை. தங்கச்சியை ஒருவர் கையில் பிடித்துக் கொடுக்கும் பொறுப்பு அம்மாவின் தலையில் இருந்தது. சின்னம்மாவோடு படித்தவர்கள் எல்லாம் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளோடு கோயிலுக்கு வந்தார்கள். சின்னம்மாவுக்கு இரண்டு இடம் வந்து இரண்டும் தட்டிப்போயிற்று. ஒரு வீட்டார் பெண் உயரம் என்றார்கள். மற்ற வீட்டார் காரணம் சொல்லாமலே போய்விட்டார்கள், ஆனால் அவர்கள் வந்த அன்று சின்னம்மா பின்வளவில் நின்று சிரித்தது ஆற்றின் அக்கரைக்குக் கேட்டிருக்கும். நெடுநெடுவென்று, நல்ல கறுப்பு, அப்பாவைவிட நன்றாகத் தோணி வலிப்பாள். பொய் சொல்ல அவளுக்கு வராது. ஆனால் அடுத்தவர்கள் சொல்லும் பொய்யைத் திருத்தப் போகவும் மாட்டாள். இந்தக் குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலைக் கதை அதனால்தான் வந்தது. ஒரு விடியற்காலையில் சின்னம்மா தனியாகத் தோணியில் போய் வலை எடுத்துக்கொண்டு திரும்பினாள். கண்டல் மரங்களின் பக்கம் பனிமூட்டம். தோணிக்கு முன்னால் கறுப்பாக, முதுகு மட்டும் தெரிய ஏதோ மிதந்து வந்தது. சின்னம்மா எழுந்து நின்று துடுப்பை இரண்டு கையாலும் ஓங்கி ஒரு போடு போட்டாள். அந்தச் சத்தம் எங்கள் அடுப்படிக்குக் கேட்டது. கரையில் வலை காயவைத்துக்கொண்டிருந்தவர்கள் முதலை, முதலை என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். அவள் கரை சேர்வதற்குள் அந்த முதலைக்கு வாலும் பல்லும் வைத்தாகிவிட்டது. சின்னம்மா வாயே திறக்காமல் வலையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். வெள்ளத்தில் அடிபட்டு வந்த பனைமரத் துண்டு, வெறும் பனங்குத்தி அது. வீட்டுக்குள் வந்து அம்மாவிடம் மட்டும் அதைச் சொன்னாள். அம்மா தலையில் கைவைத்தது குத்திக்காக அல்ல, துடுப்புக்காக. அதன் பலகை நுனியிலிருந்து நடுவரைக்கும் நீளத்துக்கு வெடித்திருந்தது.

ஏனென்றால் அந்த வெள்ளிக்கிழமை மூன்றாவது இடம் பேச்சுக்கு வருவதாக இருந்தது. மாப்பிள்ளை அக்கரை, படுவான்கரைப் பக்கம். வயலும் எருமையும் உள்ள குடும்பம். அக்கரையிலிருந்து பேச்சுக்கு வருகிறவர்களைப் பெண் வீட்டுத் தோணி போய் ஏற்றிவர வேண்டும் என்பது எங்கள் கரையின் மரியாதை. அந்தத் தோணியும் சின்னம்மாவுக்குப் போகவேண்டியது என்பதால் வருகிறவர்கள் வரும் வழியிலேயே அதைத் தட்டிப் பார்த்துவிடுவார்கள். வெடித்த துடுப்போடு போனால், பொருளைப் பேணத் தெரியாத வீடு என்று ஆற்றுக்கு நடுவிலேயே முடிவு செய்துவிடுவார்கள். எங்களுக்கு வேலை செய்யும் தச்சரோ படகு வேலைக்காக வாழைச்சேனைக்குப் போயிருந்தார். இதுவும் தட்டிப்போனால் தங்கச்சிக்கு இனி இடம் வராது என்று அம்மா அழுதாள்.

அழுது முடித்து, இரவல் வாங்குவது என்று தீர்மானித்தாள். பக்கத்து வளவில் இறால் வாங்கி விற்கும் மாமி ஒருவர் இருந்தார். அவரிடம் நல்ல துடுப்பு இருந்தது. ஆனால் அதில் ஒரு சிக்கல். மாட்டுக்குக் குறி சுடுவது போல எங்கள் கரையில் துடுப்புக்கும் சுடுவார்கள். ஒவ்வொரு குடிக்கும் ஒரு குறி. தாயின் குடிதான் பிள்ளைக்கு, ஆகையால் குறியைப் பார்த்தாலே யார் வயிற்றுப் பிள்ளை என்று சொல்லிவிடலாம். மாமியின் துடுப்பில் மாமியின் குடிக் குறி கறுகறுவென்று கிடந்தது. அம்மா அதற்கும் வழி கண்டுபிடித்தாள். ஆற்றங்கரைச் சேற்றை அள்ளி அந்தக் குறியின் மேல் அப்பிக் காயவைத்தாள். மாமியிடம் யாருக்கும் சொல்லவேண்டாம் என்று கற்பூரச் சத்தியம் வாங்கினாள். தண்ணீருக்குள் போய்வரும் துடுப்பில் சேறு எவ்வளவு நேரம் நிற்கும் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒழுங்காக யோசிக்கிற ஆட்கள்தான், ஆனால் கலியாணப் பேச்சு என்றால் புத்தி கொஞ்சம் விலகித்தான் நிற்கும்.

அப்பா அக்கரைக்குப் போய் அவர்களை ஏற்றிவந்தார். மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் தாய், தாய்மாமன், தரகர். தாய்மாமன் பெரிய எருமைக்காரர், மேய்கிற மாட்டின் குறியை வயல்வட்டையின் மறுகோடியில் நின்று படிப்பார் என்று பேர். அவர் அப்பாவுக்கு எதிரே முகம் பார்த்து இருந்து வந்திருக்கிறார். முதல் வலிப்பிலேயே சேறு போய்விட்டது. அப்பா அதைக் கவனிக்கவில்லை. தாய்மாமன் கவனித்தார், கவனித்துவிட்டு ஒரு சொல்லும் பேசாமல் கரைவரைக்கும் வந்தார்.

வாசலில் பாய் போட்டு உட்கார்த்தினோம். அம்மா வெற்றிலை வட்டாவைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். வெற்றிலையை எடுத்தால் பேச்சு தொடங்கும், எடுக்காவிட்டால் எழுந்து போகிறார்கள் என்று அர்த்தம். தாய்மாமன் எடுக்கவில்லை. தரகர் வட்டாவை அவர் பக்கம் கொஞ்சம் நகர்த்தினார். அப்போதும் எடுக்கவில்லை. உள்ளே தட்டில் பயற்றம் பணியாரம் அடுக்கியிருந்தது. வெற்றிலை எடுத்த பிறகுதான் பணியாரம் வெளியே வரும் என்பதால் நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் அவர் நிதானமாகச் சொன்னார். "குடி வேற எண்டு தரகர் சொன்னார். உங்கட துடுப்பில எங்கட குறி கிடக்கு. ஒரு குடிக்குள்ள அண்ணனும் தங்கச்சியும் முறை. இத என்னெண்டு நாங்க பேசுற?"

அப்பா ஆற்றைப் பார்த்தார். தரகர் மூன்று தலைமுறைக்கு எங்கள் குடியை ஒப்புவிக்கத் தொடங்கினார், யாரும் கேட்கவில்லை. மாமியும் அவர்களும் ஒரே குடி என்பதை நினைத்துப் பார்க்க அம்மாவுக்கு நேரமே இருக்கவில்லை. வேலிக்கு அப்பால் அந்த மாமி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்தவர், கண்ணீர் வழிய வழிய வாயை மூடிக்கொண்டு நின்றார். மாப்பிள்ளையின் தாய் எழும்பக் கால் மாற்றினார்.

அப்போது சின்னம்மா உள்ளேயிருந்து வந்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் கூப்பிடாமல் வருவது அவ்வளவு நல்லதில்லை. கையில் வெடித்த துடுப்பு. அதைக் குறி தெரியும்படி தாய்மாமன் முன்னால் பாயில் வைத்தாள்.

"எங்கட துடுப்பு இதுதான். வெடிச்சித்து. அது இரவல் வாங்கின."

தாய்மாமன் குறியை விரலால் தடவிப் பார்த்தார். வேறு குடி. அவர் முகம் இளகியது. எப்படி வெடித்தது என்று கேட்டார். அப்பா முந்திக்கொண்டு, இவள் ஒரு முதலையை அடித்தவள், கரை முழுக்கச் சாட்சி இருக்கிறது என்றார். சின்னம்மா, முதலை இல்லை மாமா, பனங்குத்தி என்றாள். அதுவரை தலையைக் குனிந்திருந்த மாப்பிள்ளை சிரித்துவிட்டார்.

"குத்திக்கு என்ன நடந்த?" என்று கேட்டார்.

"அதுக்கு ஒண்டுமில்ல" என்றாள் சின்னம்மா.

தாய்மாமன் கையை நீட்டி ஒரு வெற்றிலை எடுத்தார். எனக்குப் பணியாரம் கிடைத்தது.

பேச்சு முடிந்து, கலியாணத்தை வைகாசி கழிய வைக்கலாம் என்று நிறுத்தினார்கள். அவர்கள் பக்கம் வயல் வெட்டு முடிந்து நெற்சூடு அடிக்கவேண்டி இருந்தது. எழும்பும்போது மாப்பிள்ளை அந்தத் துடுப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல மரம், எறிய வேண்டாம், தங்கள் பக்கத்தில் வெடித்த மரவைப் பாத்திரத்தைக் கூடத் தைத்துப் பாவிப்பார்கள் என்றார். புதன்கிழமைகளில் அவர் டவுனுக்குத் தயிர் கொண்டுவருவாராம். வருகிற வழியில் தைத்துத் தரட்டுமா என்று தாய்மாமன் முகத்தைப் பார்த்துக் கேட்டார். கலியாணத்துக்கு முன் மாப்பிள்ளை பெண் வீட்டு வாசற்படி ஏறக்கூடாது. பூவரச மரத்தடி வாசற்படி இல்லை என்று எல்லோருமாக முடிவெடுத்தார்கள்.

புதன்கிழமை வந்தார். முதலில் எனக்கு ஒரு சட்டித் தயிர். வாழையிலையால் வாய் கட்டி, கவிழ்த்தாலும் விழாத தயிர். பிறகு துடுப்பை நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காயவைத்தார். வெடிப்பு முடிகிற இடத்தில் சுட்ட தமரூசியால் சின்னதாக ஒரு துளை போட்டார். அதற்கு மேல் வெடிப்பு ஓடாதாம். வெடிப்பின் இரண்டு கரையிலும் எதிரெதிராகத் துளைகள். தேன்மெழுகு தேய்த்த வலைக்கயிற்றை அந்தத் துளைகளுக்குள் விட்டு, துடுப்பைக் காலால் மிதித்துக்கொண்டு இறுக்கி இறுக்கித் தைத்தார். முடிச்சை வைக்க ஒரு சின்னக் குழி வெட்டி அதற்குள் புதைத்தார். சிரட்டையில் குங்கிலியமும் தேங்காயெண்ணெயும் போட்டு உருக்கி மேலே ஊற்றினார். அந்த வாசம் வளவெல்லாம் நின்றது. வேலை முடியும்வரை அவர் மொத்தமாகப் பேசியது, தள்ளி நில் மகள், சுடும் என்பது மட்டும். அடுப்படிக் கிடுகுச் சுவரில் ஒரு ஓட்டை இருந்தது. அதற்குள் ஒரு கண் இருந்தது. அதை நான் கண்டேன், அவரும் கண்டிருப்பார்.

அந்தத் துடுப்பை எடுத்துக்கொண்டு அப்பா வலைக்குப் போனார். அடுத்த திங்களோ செவ்வாயோ தையல் தளர்ந்துவிட்டது. வலிக்க வலிக்க வெடிப்புக்குள்ளால் தண்ணீர் கொப்பளித்தது. அம்மா தரகரிடம் சொல்லியனுப்பினாள். புதன்கிழமை மாப்பிள்ளை வந்தார், எனக்குத் தயிர் தந்தார், தையலைக் கண்ணுக்குக் கிட்ட வைத்து நெடுநேரம் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் திரும்பத் தைத்தார். மறுகிழமையும் தளர்ந்தது. எனக்கோ ஆனந்தம். ஆண்டவனே இந்தத் துடுப்பு ஒருநாளும் சரியாகக் கூடாது என்று பள்ளிக்கூடப் பிரார்த்தனையில் கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன்.

கரையில் அவருக்குத் தையல்காரர் என்று பேர் வைத்துவிட்டார்கள். புதன்கிழமை அவர் தோணி வருவதைக் கண்டால், துணி கொண்டு வரவா, சட்டை தைப்பயளா என்று கேட்பார்கள். அவர் சிரித்துக்கொண்டு போவார். அப்பாவுக்கு முதலில் பாவமாக இருந்தது, பிறகு எரிச்சல் வந்தது. தன்னைக் கூரையில் ஏற்றிப் பார்த்தவர்கள் இந்தத் தையலைச் சும்மா விட்டுவிடுவதா என்றொரு கணக்கும் மனத்தில் இருந்திருக்கும். ஒரு துடுப்பை ஒழுங்காகத் தைக்கத் தெரியாதவன் இந்த வீட்டை என்னெண்டு பார்க்கப் போகிறான் என்று அடிக்கடி கேட்கத் தொடங்கினார்.

அம்மா மட்டும் தங்கச்சியின் மேல் நம்பிக்கை வைத்திருந்தாள். அதற்கு ஒரு காரணம் இருந்தது. நான் சின்னம்மாவின் பக்கத்தில்தான் படுப்பேன். அவள் கொண்டையில் எப்போதும் குங்கிலிய வாசம் வந்தது. அதை அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. குங்கிலியம் போடுவது அம்மன் கோயிலில். தங்கச்சி யாருக்கும் சொல்லாமல் கோயிலுக்குப் போய்க் கலியாணம் நல்லபடி நடக்க வேண்டுகிறாள் என்று அம்மா நினைத்தாள். அன்றிலிருந்து சின்னம்மாவுக்குச் சமையலில் ஒரு வேலையும் வைக்கவில்லை. சின்னம்மாவும் திருத்தவில்லை. இன்னொன்று, அவள் வலது கை விரலில் ஒரு சீலைத்துண்டு சுற்றியிருந்தாள். இறால் கொம்பு குத்தியிருக்கும் என்றாள் அம்மா.

பிறகு ஒரு புதன்கிழமை அம்மா ஒரு சாவீட்டுக்குப் போய்விட்டாள். மரத்தடியில் இருந்தவருக்குத் தண்ணீர் கொடுக்க ஆளில்லை. நான் தயிர்ச்சட்டியை விட்டு எழும்புவதாக இல்லை. சின்னம்மாவே செம்பை எடுத்துக்கொண்டு போனாள். இரண்டு பேரும் முகம் பார்க்கவில்லை. அவர் செம்பை வாங்காமல் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு உயரமான சின்னம்மா முன்னால் நிற்க, ஒரு மனிதர் சீலைத்துண்டு சுற்றிய விரலைப் போய்ப் பார்க்கிறாரே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகு தண்ணீரைக் குடித்தார், செம்பைக் கீழே வைத்தார், வேலையைத் தொடர்ந்தார்.

அன்று அவர் தைத்துவிட்டுப் போன துடுப்பை அப்பா பின்னேரம் கையில் எடுத்தார். எடுத்தவர் அப்படியே அதைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் வந்தார். குழிக்குள் புதைத்து மேலே குங்கிலியம் ஊற்றவேண்டிய முடிச்சு வெளியே, பலகையின் முகத்தில், ஒரு நாவற்பழம் அளவுக்கு உருண்டு நின்றது.

"முடிச்ச வெளியால போட்டிரிக்கான். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இவன நம்பியா நீ புள்ளயக் குடுக்கப் போற?"

அந்த முடிச்சு அம்மாவையும் அசைத்துவிட்டது. அதுவரைக்கும் பொறுத்தவள் அப்போது பயந்துபோனாள். பூசாத சுவர், வருஷா வருஷம் மாற்றவேண்டிய கூரை, வேலி, தோணி, எல்லாவற்றையும் இந்த ஆள்தான் பார்க்கவேண்டும். தாய் தகப்பன் இருந்தால் இப்படி ஒரு கைவேலை தெரியாதவனுக்குக் கட்டிக்கொடுப்பார்களா என்று இரவெல்லாம் யோசித்திருக்கிறாள். விடிந்ததும் தரகரைக் கூப்பிட்டனுப்பினாள். வெற்றிலை மாற்றி இவ்வளவு நாளைக்குப் பிறகு வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று தரகர் எடுத்துச் சொன்னார். அம்மா கேட்கவில்லை. பழி என் தலையில் கிடக்கட்டும், தங்கச்சி வாழ்நாள் முழுக்க ஒழுகுகிற கூரைக்குக் கீழ் இருக்கக்கூடாது என்றாள். தரகர் பெருமூச்சு விட்டு, சரி, போய்ச் சொல்கிறேன் என்று சால்வையைத் தோளில் போட்டார்.

சின்னம்மா கிடுகுச் சுவருக்குப் பின்னால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். தரகர் கேற்றடிக்குப் போகும்போது வெளியே வந்தாள். அன்றைக்குப் போலவே கையில் துடுப்பு. வெட்கத்தில் தலை குனிந்து அவள் நின்றதை நான் அந்த ஒரு தடவைதான் பார்த்தேன்.

"அக்கா, அவர் தைச்சதில ஒரு பழுதும் இல்ல. நான்தான் கழட்டின."

கொண்டையிலிருந்து ஊசியை உருவிப் பாயில் போட்டாள். அதன் நுனி முழுக்கக் குங்கிலியம் மண்நிறமாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. அம்மா அதை எடுத்து முகர்ந்து பார்த்தாள். கோயில் வாசம். இத்தனை நாள் தான் கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் பார்த்திருந்த பக்தி இதுதானா என்று அவளுக்கு விளங்க ஒரு நிமிஷம் எடுத்தது. ஒவ்வொரு கிழமையும் செவ்வாய்க்கு முதல் குங்கிலியத்தைச் சுரண்டி, குழிக்குள் கிடந்த முடிச்சைக் கிளறி நகத்தால் இழுத்துத் தளர்த்தி வைத்திருக்கிறாள், புதன்கிழமை அவர் வரவேண்டும் என்று.

முதலில் சிரித்தவர் தரகர். வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து திரும்பவும் பாயில் உட்கார்ந்து சிரித்தார். அப்பா சிரித்தார். வேலிக்கப்பால் இறால் மாமி சிரித்தார், அவர் எப்போது அங்கே வந்தார் என்று யாருக்கும் தெரியாது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. எழும்பிப் போய் சின்னம்மாவின் கையைப் பிடித்து, அந்தச் சீலைத்துண்டை அவிழ்த்துப் பார்த்தாள். நகம் பாதிக்கு உடைந்து கிடந்தது. அதைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு தரகரைப் பார்த்து, வைகாசி வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை, சித்திரையிலேயே நாள் பார்க்கச் சொல்லுங்கள் என்றாள். அவர்கள் நெற்சூட்டை நாங்களே போய் அடித்துக் கொடுத்தாலும் பரவாயில்லையாம்.

சித்திரையில் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை பெட்டியும் தயிர்ச்சட்டிகளுமாக எங்கள் தோணியில் வந்து இறங்கினார். கைவேலை தெரியாதவர் என்று பேர் வாங்கிய மனிதர் வந்த வருஷமே சுவரைப் பூசி, கூரையை மாற்றி, வேலியை இழுத்துக் கட்டிவிட்டார். அப்பாவுக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த முடிச்சை அவர் விடவில்லை. சின்னம்மாவிடம், மற்றதெல்லாம் நீ கழற்றியது, முடிச்சை வெளியே போட்டது அவன்தானே என்பார். நல்லநாள் பெருநாளில் உறவினர் கூடினால் அந்தக் கதையைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைப்பார். சித்தப்பாவும் கூடவே சிரிப்பார், ஒருநாளும் மறுத்துப் பேசவில்லை. அப்பா சாகும்வரைக்கும் அது நடந்தது.

தோணி இப்போது இல்லை. துடுப்பும் இல்லை. எப்போது, எப்படிப் போயின என்று என் வயதுக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நம் எல்லோர் வீட்டிலும் ஒரே நாட்களில் போனவைதான் அவை.

முதலையைப் பற்றிக் கேட்டவளுக்குப் பதில் சொல்லவேண்டும் என்று நேற்று நாவற்குடாவுக்குப் போனேன். சின்னம்மா மகளோடு அங்கேதான் இருக்கிறாள். கொஞ்சம் கூனிவிட்டாள், அப்படியும் என்னைவிட உயரம். கடையில் வாங்கிய தயிரைக் கொண்டுபோனேன். இது தயிரா என்று கேட்டுவிட்டு இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாள். சித்தப்பாவுக்குக் காது முற்றாகக் கேட்காது. முற்றத்தில் உட்கார்ந்து, வெடித்துப்போன பிளாஸ்டிக் கதிரை ஒன்றுக்கு இரண்டு பக்கமும் துளை போட்டுக் கயிற்றால் தைத்துக்கொண்டிருந்தார். புதுக் கதிரை வாங்கலாம் என்று பேரப்பிள்ளைகள் சொல்லிச் சொல்லி விட்டுவிட்டார்களாம்.

அவர் கை வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கேள்வி எனக்கு வந்தது. நீ கழற்றிவைக்கிறாய் என்று அவருக்கு எப்போதாவது தெரிந்ததா, அல்லது தன் தையல்தான் பிழைக்கிறது என்று பாவம் கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தாரா என்று கேட்டேன். சின்னம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஒன்றும் குறையவில்லை, ஆற்றின் அக்கரைக்குக் கேட்கும்.

"தெரியாமலா? தண்ணி குடுக்கக்குள்ள என்ட விரலக் கண்டவர்தானே. உள்ளுக்க கிடந்த முடிச்சக் கிளறித்தான் நகம் உடைஞ்ச எண்டு விளங்கித்து. அதான் மறுகா முடிச்ச வெளியால போட்டவர், எனக்குக் கழட்ட லேசா இரிக்கட்டும் எண்டு."

முற்றத்தில் சித்தப்பா கதிரையைக் காலால் மிதித்துக்கொண்டு கயிற்றை இழுத்து இறுக்கினார். எங்களைப் பார்த்து, என்ன சிரிக்கிறீர்கள் என்று கையால் கேட்டார். ஒன்றுமில்லை என்று சின்னம்மா கையால் சொன்னாள்.